மின்கட்டணத்தைச் சாதனவாரியாகப் பிரித்தறிய ஸ்மார்ட் மீட்டரும் செயற்கை நுண்ணறிவும்

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டு முறையில், கட்டணம் கூடியது தெரியுமே தவிர, கூட்டியது ஏசியா கீசரா என்பது தெரியாது. ஸ்மார்ட் மீட்டரோ 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிவு செய்கிறது. ஒரே இடத்தில் அளந்த மொத்த மின்சாரத்திலிருந்து ஒவ்வொரு சாதனத்தின் பங்கையும் கணித்துப் பிரிக்கும் முறையை ஆய்வாளர் ஜார்ஜ் ஹார்ட் 1980களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 1992இல் விரிவாக வெளியிட்டார். இப்படிப் பிரித்துக்காட்டும் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

முதலில், எல்லோரும் உறங்கும் நேரத்து அளவைப் பாருங்கள். ஏசி ஓடாத இரவிலும் அரைமணிக்கு 0.1 யூனிட் பதிவானால், வீடு இடைவிடாமல் சராசரியாக 200 வாட் இழுக்கிறது என்று பொருள். மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைக் கொண்டும் இதைச் சரிபார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்புகள் என்று முகப்பில் அச்சிட்டிருந்தால், 1125ஐ இரு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுக்க வாட் கிடைக்கும். 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 75 வாட், அதாவது பழைய வகை மின்விசிறி ஒன்றின் அளவு.

அரைமணித் தரவை மட்டும் நம்பிச் செயற்கை நுண்ணறிவிடம் எல்லாவற்றையும் கேட்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. 2000 வாட் கீசர் 10 நிமிடம் ஓடினாலும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 20 நிமிடம் ஓடினாலும் பதிவாவது அதே 0.33 யூனிட்தான். இவற்றைப் பிரித்தறிய, மெயின் வயரைச் சுற்றிப் பொருத்தி விநாடிதோறும் அளக்கும் கிளாம்ப் சென்சார் தேவை. அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு வீட்டு மெயின் பெட்டிக்குள் பொருத்த வேண்டும். மின்வாரிய மீட்டரின் சீலை யாரும் தொடக் கூடாது.

அதன்பின், சென்சார் அளப்பதைப் படிக்கும் செயலிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மற்றவற்றை அணைத்துவிட்டு, கீசர், மோட்டார், கிரைண்டர் என ஒவ்வொன்றாகப் போட்டு, நேரத்தையும் பெயரையும் பதியுங்கள். சட்டென ஏறி இறங்கும் கீசரைச் செயலி எளிதில் இனங்காணும். வேகத்தை மெல்ல மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசியில் தடுமாறும் என்பதால், அதற்குத் தனியாக 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வைப்பதே நல்லது. நின்று நின்று ஓடும் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுவதாகச் செயலி எச்சரித்தால், கதவு ரப்பர் சரியாக மூடுகிறதா என்று உடனே பாருங்கள்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் இந்தத் தரவு காட்டிக்கொடுக்கும். ஆகவே அது எங்கே சேமிக்கப்படுகிறது, வேண்டாமென்றால் அழிக்க முடியுமா என்பதைப் படித்தறிந்த பிறகே அனுமதி கொடுங்கள்.