வேலை இல்லாத நாட்களில் தூக்கத்தைச் சீராக்குவது எப்படி?

வேலை போன முதல் வாரம், அலாரம் அடிக்காத காலை சுகமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் பார்த்தால் தூங்குவது இரவு 3 மணி, எழுவது காலை 11 மணி என்று ஆகியிருக்கும். எட்டு மணி நேரம் தூங்கியும் உடம்பில் தெம்பு இருக்காது. வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நாளடைவில் நீங்களும் அப்படியே நம்பத் தொடங்குவீர்கள். நம்ப வேண்டாம்.

மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் ஒரு சுற்றை முடிக்க, பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்படும். அந்தப் பிசகை அன்றன்றைக்குத் திருத்துவது காலை வெளிச்சம். வேலைக்குப் போன நாட்களில் 8 மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்றபோதே அந்தத் திருத்தம் தானாக நடந்துவிட்டது. இப்போது பஸ்ஸும் இல்லை, வருகைப் பதிவும் இல்லை. கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது. அதைத் திரும்ப இழுத்து வருவதற்கான வழிதான் கீழே இருப்பது.

படி 1: ஏழு நாள் கணக்கு

எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள். படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், டீ காபி குடித்த நேரங்கள். உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். கடைசிப் பத்தியில் மதியம் 12, மாலை 4, இரவு 8 மணிக்கு உடம்பில் தெம்பு எப்படி இருந்தது என்று 10க்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். படி 4, 5 இரண்டுக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

படி 2: எழும் நேரத்தை நகர்த்துங்கள், படுக்கும் நேரத்தை அல்ல

பலர் தோற்பது இந்த இடத்தில்தான். "இன்று முதல் 10 மணிக்குப் படுத்துவிடுவேன்" என்று முடிவெடுத்துப் படுப்பார்கள். தூக்கம் வராது. இரண்டு மணி நேரம் புரண்டுவிட்டு செல்போனை எடுப்பார்கள். படுப்பது நம் கையில் இருக்கிறது, தூக்கம் வருவது நம் கையில் இல்லை. எழுவது மட்டும் அலாரத்தின் உதவியோடு நம் கைக்குள் வரும்.

இன்னொரு கூட்டம் 11 மணி வழக்கத்திலிருந்து ஒரே நாளில் 5 மணிக்குத் தாவும். இரண்டு மூன்று நாளில் அது முறிந்துவிடும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும். அதற்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் படுவது பின்னே தள்ளும். 11 மணிக்கு எழுபவருக்கு அந்தத் தாழ்நிலை சுமார் 9 மணிக்கு வரும். ஆகவே அவர் 6 மணி வெயிலில் போய் நின்றால், நினைத்ததற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

சரியான அளவு இரண்டு நாளுக்கு 30 நிமிடம். 11லிருந்து 10.30, இரண்டு நாள் கழித்து 10, இப்படியே 6.30 வரை வரலாம். மொத்தம் 9 நகர்வு, 18 நாள். ஞாயிறு, திருமண வீடு, திருவிழா எதற்கும் அலாரம் மாறக் கூடாது. முந்தைய இரவு 3 மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றாலும் அலாரத்துக்கு எழுந்துவிடுங்கள். அன்று பகல் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாக்கியே அடுத்த இரவு சீக்கிரம் கண்ணைச் செருக வைக்கும். அப்படித் தூக்கம் குறைந்த நாளில் வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம்.

படி 3: எழுந்த அரை மணிக்குள் வெளியே

மொட்டை மாடி, தெரு, பால் பூத் எதுவானாலும் சரி, 20 முதல் 30 நிமிடம் வெளியே இருங்கள். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஜன்னலோரம் உட்கார்வது இதற்கு ஈடாகாது. சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம், கூலிங் கிளாஸும் வேண்டாம்.

இரவில் இதற்குத் தலைகீழ். 9 மணிக்கு மேல் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு போதும். செல்போன் திரையின் வெளிச்சத்தைவிட அதில் பார்க்கும் விஷயம்தான் அதிகம் கெடுக்கும். இரவு 11 மணிக்கு வேலை தேடும் இணையதளத்தைத் திறந்து, "தேர்வாகவில்லை" என்ற பதிலைப் படித்த பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? அந்தச் செயலிகளை 8 மணிக்கு மூடிவிடுங்கள்.

படி 4: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள்

வேலை இல்லாதவர்களுக்கு மிகவும் உதவுவது இதுதான். செய்யத் தயக்கமாக இருப்பதும் இதுதான். நேரம் இருக்கிறதே என்று 10 மணி நேரம் படுக்கையில் கிடப்போம். நோட்டைப் பார்த்தால் உண்மையில் தூங்கியது ஆறரை மணி நேரமாக இருக்கும். அதாவது 65 சதவீதம். மீதி மூன்றரை மணி நேரமும் "படுக்கை என்றால் விழித்துக் கிடக்கும் இடம்" என்று மூளை பாடம் படிக்கிறது.

எனவே உண்மையில் தூங்கும் அளவுக்கே படுக்கையைக் கொடுங்கள். ஆறரை மணி நேரம் தூங்குபவர் 6.30க்கு எழ வேண்டுமென்றால் 12 மணிக்குத்தான் படுக்க வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குவதாகக் கணக்கு காட்டினால், வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூக்கம் கிடைக்கும்வரை இப்படிக் கூட்டிக்கொண்டே போகலாம். 6 மணி நேரத்துக்குக் கீழே எப்போதும் இறக்க வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் பாதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் படியைச் செய்யக் கூடாது.

படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள், கீரை ஆயுங்கள். கண் சொருகியதும் திரும்பிப் போங்கள். ஒரே அறை வீட்டில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். பாய் இருக்கிறதே. எழுந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் அறையிலிருந்து படுக்கையே காணாமல் போய்விடும். கட்டில்தான் என்றால் பகலில் விரிப்பு போட்டு மூடி, நாற்காலிக்கு மாறுங்கள்.

கடன் தவணை நினைப்பு நள்ளிரவில் வந்து உட்கார்ந்தால், அதற்கு மாலை 6 மணிக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். தாளின் ஒரு பக்கம் கவலை, மறுபக்கம் நாளை செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை: "வங்கிக்குப் போன் செய்து அவகாசம் கேட்க வேண்டும்." எழுதி முடித்ததும் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

படி 5: பகலின் தெம்பு

காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே 5 மணி நேரம் போல ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். கடைசி டம்ளர் மதியம் 2 மணிக்கு முன் முடியட்டும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. மதியம் கண் சுழற்றுவது குறையல்ல, உடல் கடிகாரத்தின் இயல்பு. 3 மணிக்கு முன், அலாரம் வைத்து, 20 நிமிடம் சாய்ந்து தூங்கலாம். ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும். தலை பாரமாகி மாலையே வீணாகும்.

தெம்புக்குத் தூக்கம் மட்டும் போதாது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியந்தால் என்ற ஊரில் ஜவுளி ஆலை மூடப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் மாரி யஹோடாவும் உடன் இருந்த ஆய்வாளர்களும் அங்கே ஆய்வு நடத்தி, மக்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். வேலையிழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டுப் பொறுப்பு தீராத பெண்கள் வேகமாக நடந்தார்கள். நேரத்துக்கு ஒரு காரியம் இருந்தால்தான் கால் நகரும். ஆகவே நாளில் மூன்று ஆணி அடியுங்கள்: காலை நடை, நோட்டில் தெம்பு அதிகம் காட்டும் வேளையில் இரண்டு மணி நேர வேலை தேடல், மாலை 5 மணிக்கு வெளியே ஒரு காரியம். ரேஷன் கடை, நூலகம், பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப் போவது எதுவும் ஆகும்.

எப்போது டாக்டர்?

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசதி போகவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள். பலத்த குறட்டையும் நடுவே மூச்சு நிற்பதும் இருந்தால் வீட்டார் சொல்வதைக் கேளுங்கள், உடனே காட்ட வேண்டியது அது. இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் 18 நாள் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்குவதும், தூக்கத்துக்காக மது குடிப்பதும் வேண்டாம். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

வேலை கிடைத்துச் சேரும் தேதி தெரிந்ததும், ஷிப்டைப் பார்த்து அலாரத்தை மாற்றத் தொடங்குங்கள். காலை ஷிப்ட் என்றால் அதே 30 நிமிடக் கணக்கு. மதிய ஷிப்ட் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம்கூடப் பின்னே தள்ளலாம். நம் கடிகாரம் அந்தத் திசையில் எளிதாகவே நகரும்.