வரவேற்பறைக்குத் தாயகத்திலிருந்து எதை, எங்கே, எப்படி எடுத்துவருவது

விடுமுறையின் கடைசி இரண்டு நாட்களில் சென்னையில் ஒரே கடைக்குள் நுழைந்து, ஒரு தஞ்சாவூர் ஓவியம், ஒரு நடராசர், ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, ஒரு தலையாட்டிப் பொம்மை என்று வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏறுவது வெளிநாட்டில் வாழும் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகாகவே இருக்கும். டொரன்டோவிலோ லண்டனிலோ உள்ள வரவேற்பறையில் சேர்த்து வைக்கும்போது மட்டும் அறை உயிரற்றுத் தெரிவதற்குக் காரணம், எல்லாம் ஒரே நாளில், ஒரே வயதோடு, ஒரே பளபளப்போடு வந்து சேர்ந்ததுதான். ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றிரண்டு பொருட்களை மட்டும், அவை செய்யப்படும் ஊருக்கே போய்ப் பார்த்து எடுத்துவருபவர்களின் வீடுகளில் இந்தக் குறை தோன்றுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியைப் பல ஆண்டுகளுக்கான திட்டமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புறப்படுவதற்கு முன் அறையை அளந்துகொள்ளுங்கள். சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவரின் நீளம், அலமாரித் தட்டின் ஆழம், வெயில் நேராக விழும் இடம், ஹீட்டர் இருக்கும் மூலை ஆகியவற்றைக் குறித்து, அறையின் நான்கு பக்கங்களையும் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருந்தால், கடையில் கண்ணுக்குப் பிடித்தது வீட்டில் பொருந்துமா என்பதை அங்கேயே முடிவு செய்யலாம். சிறிய அளவு நாடா ஒன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏறிப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் சொந்த வீட்டுப் பரண். வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, பல்லாங்குழி, படியும் உழக்கும், அடி தேய்ந்த பித்தளைச் செம்பு, மரப்பாச்சி, ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று எதுவும் அங்கே கிடைக்கக்கூடும். பழைய பாத்திரத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளில் ஆச்சியின் தலைப்பெழுத்தோ, சீர் கொடுத்தவரின் பெயரோ இருக்கும். அத்தகைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதிதாக எவர்சில்வர் வாங்கலாம் என்று வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், அதைத் தடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சித்தப்பா, அத்தை முதல் அனைவரின் சம்மதத்தையும் பெற்ற பிறகே எதையும் பெட்டியில் வையுங்கள். படங்களுக்கு நல்ல நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை ஊரிலேயே விட்டுவருவது பெரும்பாலும் நல்லது. ஒவ்வொரு பொருளும் யாருடையது, எந்த வீட்டில் இருந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, அந்தத் தாளை அந்தப் பொருளோடு வைத்திருங்கள்.

அறையின் அடுக்குகளைத் தரையிலிருந்து தொடங்குவதே எளிது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நெய்யப்படும் கோரைப்பாய்களில் மெல்லிய ரகம், விரல் நடுவே துணியைப் போலக் குழையும். மணமக்களின் பெயரை நெய்து தருவதும் அங்கே வழக்கம் என்பதால், அப்படி ஒன்று வேண்டுமென்றால் ஊருக்கு வந்த உடனேயே சொல்லிவைக்க வேண்டும். இத்தகைய பாயைக் காலடியில் போடுவதைவிடச் சுவரில் தொங்கவிடுவதையோ, நீள மேசையின் மேல் விரிப்பதையோ நான் விரும்புவேன். காலடிக்கு ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளம் இருக்கிறது. அகலப் பட்டைகளில் வரும் அதன் சிவப்பும் பச்சையும் நீலமும் வெளிறிய மரத்தரையில் நன்றாக எடுபடும். விசைத்தறியில் நெய்த போலிகள் பவானியின் பெயரிலேயே விற்கப்படுவதால், கைத்தறி முத்திரையைப் பார்த்தோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள்.

உலோகத்துக்குக் கும்பகோணத்தைச் சுற்றி இரண்டு ஊர்கள் உண்டு. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பாதம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் எனத் தனித்தனியாக வார்த்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. வாங்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஆடாமல், இழுபறியின்றி உட்கார்ந்தால்தான் வேலை சுத்தம் என்று பொருள். கழற்றிய பாகங்களைத் தனித்தனியே துணியில் சுற்றி, இரண்டு பெட்டிகளில் எடையைப் பகிர்ந்து வைத்தால் மூன்றடி விளக்கும் பயணப்படும். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்தக் கூட்டுக்குள் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தே சிலையை எடுப்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. ஸ்தபதியின் பட்டறைக்கே போய், வேலை நடப்பதைப் பார்த்து, சிறிதாக ஒன்று வாங்குவது போதுமானது.

சிலை விஷயத்தில் சட்டத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளைக் கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப்பொருள் எதையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டுகள். எனவே ஒரு விக்கிரகத்தைப் பழையது என்று சொல்லி உங்களிடம் விற்க வருபவர் பெரும்பாலும் பொய் சொல்கிறார், அல்லது ஒரு கோயிலின் சொத்தை விற்கிறார். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தன் கோயிலில் திருடப்பட்ட நடராசரை, 2008இல் விலைகொடுத்து வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், 2014இல் திருப்பித்தர நேர்ந்தது. புதிதாக வார்த்த சிலையும் கருமை ஏற்றிப் பழையதைப் போல் இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்தப்படலாம். அதைத் தவிர்க்க, இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெறலாம். அதற்கு நாட்கள் பிடிக்கும் என்பதால் பயணத்தின் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். மாநில அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்தில் வாங்கினாலும் பட்டறையில் வாங்கினாலும், பொருளின் பெயர், உலோகம், எடை, செய்த ஆண்டு ஆகியவை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்த நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த இனாமல் தூக்குகள், பீங்கான் சாடிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், வர்ணக் கண்ணாடிகள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். இனாமல் தூக்கின் விளிம்பில் பூச்சு பெயர்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள்: பல காலம் புழங்கியதென்றால் உள்ளே தெரியும் இரும்பு கறுத்து வழவழப்பாக இருக்கும், அண்மையில் வேண்டுமென்றே உடைத்ததென்றால் ஓரம் கூராகவும் துரு செம்மையாகவும் தெரியும். அதே கடைகளில் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் விற்பனைக்கு நிற்கும். அவற்றை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கதவு விலைபோகும் என்ற நம்பிக்கையில்தான் அடுத்த வீடும் இடிக்கப்படுகிறது. ஒரு முழு செட்டிநாட்டு வீட்டை அதன் அளவோடு காண விரும்பினால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

காரைக்குடிக்கு அருகிலேயே ஆத்தங்குடி. அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் கலந்து நிரப்புகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும்போது கண்ணாடி தொட்ட முகம் அதன் வழவழப்பை ஏற்றுக்கொண்டிருக்கும். எடை மிகுந்தது என்பதால் தரை முழுவதற்கும் ஆசைப்படாமல், சிறு மேசையின் பரப்புக்குப் போதுமான சில கற்களை மட்டும் எடுத்துவருவது நடைமுறைக்கு ஏற்றது.

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாள் உண்மையானதா என்பதைப் பொறுத்தே விலை அமைகிறது. அதை ரசீதில் எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். கண்ணாடி இல்லாமல் கொண்டுவந்து, இங்கே சட்டம் போடுங்கள். மரப்பலகையின் மேல் வரைந்ததாகையால், ஹீட்டரின் வறண்ட காற்று படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் வெடிப்பு விழும்.

ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பரண் என்பதே மிஞ்சவில்லை. போரில் வீட்டோடு அம்மம்மாவின் பெட்டகமும் போய்விட்டது. யாழ்ப்பாணம் செல்லும் அவர்களுக்கு நான் முதலில் சொல்வது பனையோலை வேலைகளை. கடகம் என்னும் கூடை, சுளகு என்னும் முறம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, மூடுபெட்டி எல்லாம் இன்றும் பெண்களின் கையால் இழைக்கப்படுகின்றன. பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலும் சந்தையிலும் கிடைக்கும். வெவ்வேறு அளவுள்ள மூன்று சுளகுகளை வெண்சுவரில் நெருக்கமாக மாட்டினால் ஒரு பெரிய ஓவியத்தின் இடத்தை நிரப்பும். எடையோ மிகக் குறைவு. பழம்பொருட்களை வெளியே எடுத்துச்செல்ல இலங்கையிலும் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி தேவை.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ திரும்புவோர் மரம், ஓலை, கோரை எதுவாயினும் வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம். மரச்சாமானில் ஊசித்துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வாங்கவே வேண்டாம். மண்குதிரை போன்றவற்றில் ஒட்டிய மண்ணைக் கழுவி உலர்த்துங்கள். தந்தமும் மயிலிறகும் பரணில் கிடைத்தாலும் ஊரிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்பிவைக்காதீர்கள். ஜமக்காளம் முதலில் விரியட்டும். அதன் மேல் ஆத்தங்குடிக் கல் பதித்த மேசை. அதன் அருகே, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் புத்தகங்களுக்கு நடுவே, பெயர் வெட்டிய செம்பு. பழைய பித்தளையை எந்திரத்தில் மெருகேற்றினால் வெட்டிய எழுத்து தேய்ந்துவிடும். புளியும் சிறிது உப்பும் போட்டுக் கையால் தேய்த்து, உடனே ஈரம் போகத் துடைத்தால் போதும். குத்துவிளக்கை ஓவியத்துக்கு நேர் கீழே வைக்காமல் சற்று ஒதுக்கி, பக்கவாட்டில் மஞ்சள் ஒளி தரும் மின்விளக்கைப் பொருத்தினால், தங்கத்தாளின் மேடு பள்ளங்கள் தெரியும். எண்ணெய்ப் புகையும் ஓவியத்தின் மேல் படியாது.