ஒரு தாள், ஒரு கேள்வி

அம்பாசமுத்திரம் பக்கம், குடியை விட்டவர்களுக்காக ஞாயிறு மாலைகளில் ஒரு குழு நடத்துகிறேன். தொடக்கத்தில் நான்கு பக்கக் குறிப்பு கொடுத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், யாரும் பேசவில்லை. சிலருக்கு வாசிப்பதே சிரமம் என்பது மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. அதுவரை எவ்வளவு கூசியிருப்பார்கள்!

பிறகு ஒரே தாளாகக் குறைத்தேன். பசி, கோபம், தனிமை, களைப்பு: மீண்டும் குடிக்கத் தூண்டுபவை என்று மீட்புக் குழுக்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் நான்கு நிலைகள். பெரிய எழுத்து. கீழே ஒரே கேள்வி: 'இந்த வாரம் எது உங்களைப் பிடித்தது?' நானே உரக்க வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். எழுதுவது அவரவர் விருப்பம்.

அன்று செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர், "அண்ணாச்சி, நாலும் சரிதான். கோயில் கொடை இதில் இல்லையே?" என்றார். கொடைத் திருவிழாவுக்குச் சொந்த ஊர் போனால் கூடப்பிறந்தவர்களே ஊற்றிக் கொடுப்பார்களாம். நாற்பது நிமிடம் அதையே பேசினோம்: யாரைத் துணைக்கு அழைப்பது, நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை முடியும்வரை யார் பக்கத்தில் உட்காருவது, சாப்பாட்டை எப்போது முடித்துக்கொள்வது. ஐந்தாவது சொல்லாகக் 'கொடை'யை அவரே எழுதினார். இன்றும் தாளில் அது இருக்கிறது.

பின்பக்கத்தில் ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுகிறேன்: தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இதை வாசிக்காமல் எந்தக் கூட்டத்தையும் நான் முடிப்பதில்லை.