பாயின்ட்டுக்காகப் பெட்ரோலை எரிக்காதீர்கள்

மண்டபத்தில் இருந்து ராமநாதபுரம் போய் மாதச் சாமான் வாங்கி வருகிற பழக்கம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இருந்தது. காரணம், அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எங்களுக்குக் கார்டு இருந்தது. நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய். அதாவது 3,000 ரூபாய்க்கு வாங்கினால் 30 ரூபாய் கிடைக்கும். ஆனால் போக வர 70 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்காக இருந்தாலும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல், இன்றைய விலையில் 150 ரூபாய்க்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கை நாங்கள் வருடக்கணக்கில் போடவே இல்லை. கார் என்றால் இன்னும் மோசம்.

ராமநாதபுரமே போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ போகிற நாளில் சாமானையும் சேர்த்து வாங்கி வந்தால் அந்த 30 ரூபாய் உண்மையிலேயே லாபம். சாமானுக்காக மட்டும் வண்டியை எடுப்பதுதான் தவறு.

அடுத்தது, பில் போடும் இடத்தில் நடப்பது. "இன்னும் 180 ரூபாய்க்கு வாங்கினால் டபுள் பாயின்ட்" என்று சொன்னவுடன் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட்டையும் ஷாம்புவையும் எடுத்துப் போட்டுவிடுகிறோம். பத்து ரூபாய்க்காக 180 ரூபாய் செலவு. பெரிய பாக்கெட் மலிவு என்று நம்புவதும் இதே ரகம்தான். ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஒப்பிடுங்கள், சில நேரம் சின்ன பாக்கெட்தான் மலிவாக இருக்கும். சேர்த்த பாயின்ட்டுக்குக் கெடு உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எங்களுக்குச் சேர்ந்திருந்த பாயின்ட் பாதிக்கு மேல் காலாவதியாகிப் போனது, அதைப் பில் போடுகிறவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அமெரிக்காவில் க்ரோகர் மாதிரி கடைகளில் மளிகை வாங்கினால் 100 பாயின்ட்டுக்கு ஒரு கேலன் பெட்ரோலில் 10 சென்ட் குறையும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி என்று நினைத்துக் கார்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே பொதுவாக மளிகைக் கடை பாயின்ட் வேறு, பெட்ரோல் பங்க் பாயின்ட் வேறு.

பங்கில் செய்யும் தவறுகள் தனி. இந்தியன் ஆயில், ஹெச்பி, பாரத் பெட்ரோலியம் மூன்றுக்கும் பாயின்ட் திட்டம் இருக்கிறது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எதிலும் உருப்படியாகத் தேறாது, நீங்கள் தினம் போகும் பாதையில் இருக்கும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போடும் முன்பே உங்கள் போன் நம்பரைச் சொல்லுங்கள், மெசேஜ் வந்ததா என்று அங்கேயே பாருங்கள். கிரெடிட் கார்டில் 1 சதவீத சர்சார்ஜ் (கார்டில் பெட்ரோல் போட்டால் சேர்க்கும் கூடுதல் கட்டணம்) தள்ளுபடி என்பார்கள், ஆனால் பல கார்டுகளில் 400, 500 ரூபாய்க்குக் கீழே போட்டால் அது கிடைக்காது. நூறு நூறாகப் போடுகிற நமக்கு யுபிஐயே போதும். கார்டு பில்லை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வருடம் முழுக்கச் சேர்த்த பாயின்ட்டை வட்டி தின்றுவிடும். "பாயின்ட் முடியப் போகிறது, லிங்க்கை அழுத்துங்கள்" என்று மெசேஜ் வந்தால் தொடவே தொடாதீர்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

உண்மையில் டயரில் காற்று சரியாக இருந்தாலே பெட்ரோல் மிச்சமாகும். பங்கில் காற்று இலவசம், வண்டி சூடாகும் முன் பிடிப்பது நல்லது. பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது முறுக்கினால் பெட்ரோல்தான் தீரும், நிதானமாகப் போங்கள். அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எனக்கு மனசு கேட்காத விஷயம் இன்னொன்று இருக்கிறது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை வாங்காமல் விட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட்டில் பாயின்ட்டுக்காக அதே பருப்பை எடுக்கிறோம். ஒரு கிலோ ரேஷன் பருப்பில் மிஞ்சுவது எங்கள் கார்டின் இரண்டு மாதப் பாயின்ட்டுக்கு மேல் வரும்.

அப்புறம் தெருமுனைக் கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வருமானம் நின்றுவிடும். அந்த நாட்களில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் எண்ணெயும் கொடுக்கிறவர் அந்தக் கடைக்காரர்தான். மற்ற பத்து மாதமும் அவர் கடை வாசலைத் தாண்டி பைக்கில் ராமநாதபுரம் போய்விட்டு, தடைக்காலத்தில் மட்டும் "அண்ணாச்சி, கணக்கில் எழுதிக்கங்க" என்று நிற்க முடியாது. இப்போது எங்கள் மாதச் சாமான் அவரிடம்தான்.