முதல் டிஜிட்டல் காமிக்ஸ்: வரையத் தொடங்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்

முதல் காமிக்ஸ் செய்ய உட்காருகிறவர்களில் பலர் பல பாகங்கள் நீளும் பெருங்கதையோடுதான் வருகிறார்கள். நாயகனின் உடை, ஆயுதம், அவன் வாழும் உலகத்தின் வரைபடம் எல்லாம் தயாராக இருக்கும். முதல் மூன்று பக்கங்கள் அழகாக வரும், அப்புறம் வேலை நின்றுவிடும். அந்தக் கதையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். முதலில் நான்கிலிருந்து எட்டுப் பக்கத்துக்குள் முடிகிற கதை ஒன்றை முடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு உங்களுக்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த தவறு, கதையை எதில் படிப்பார்கள் என்று முடிவு செய்யாமலே கேன்வாஸைத் திறப்பது. அச்சுக்கு என்றால் ஏ4 பக்கம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அளவில் 2480 × 3508 பிக்சல் வேண்டும். சிறிதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும். போனில் கீழ்நோக்கித் தள்ளிப் படிக்கும் கதை என்றால் கணக்கே வேறு. வெப்டூன் தளத்தில் நீங்களே பதிவேற்றும் படங்கள் 800 பிக்சல் அகலம் இருக்கும். அங்கே இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் நேரத்தைக் காட்டும்: சட்டென்று வரும் பதிலுக்குச் சின்ன இடைவெளி போதும், தயக்கத்துக்கு நீளமாக விட வேண்டும். ஏ4 பக்கத்தை அப்படியே போனில் போட்டால் 21 செ.மீ. அகலம் சுமார் 7 செ.மீ. ஆகச் சுருங்கும். 9 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 3 புள்ளி ஆகிவிடும். யாராலும் படிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பக்கங்களைக் கெடுப்பது வசனம். படம் முழுக்க வண்ணம் தீட்டி முடித்தபிறகு, மிச்சம் இருக்கும் மூலையில் வசனம் எழுதும் பலூனைத் திணிக்கிறார்கள். முகத்தின் பாதி மறையும், அல்லது எழுத்து சிறுத்துப்போகும். கரட்டு ஓவியம் (முதல் வரைவு) போடும்போதே வசனத்தை உண்மையான அளவில் தட்டி வைத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் இடம்தான் படத்துக்கு.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். நம் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் பலூனின் அகலத்தையே கேட்கும். ‘வந்துட்டு இருக்காங்க’ என்றால் இரண்டு வரியாக மடிக்கலாம், பேசுவது போலவும் இருக்கும். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். ‘கீ’ மேலே எழும், ‘சு’ கீழே இறங்கும். நெருக்கி வைத்தால் இரண்டும் இடித்துக்கொள்ளும்.

சில வரைகலை மென்பொருள்களில் ‘கொடு’ என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு என்றால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கிப் பாருங்கள். வேறு மென்பொருளாக இருந்தால் முதல் பக்கத்தைத் தொடும் முன்பே நான்கு வரி தட்டிச் சோதியுங்கள். சரியாக வரவில்லையா? படத்தை அதில் வரைந்து, வசனத்தை வேறொரு மென்பொருளில் சேர்க்கலாம். பழைய குறியாக்க எழுத்துருக்களைத் தவிர்த்து யூனிகோடு எழுத்துருவையே எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் பலூ தம்பி, கட்டமரான் இரண்டும் திறந்த உரிமம் கொண்டவை, விற்கும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம்.

பலூன்களின் வரிசையும் கவனிக்க வேண்டியது. கண் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் போகும். முதலில் பேசுகிறவர் வலப்பக்கம் நின்றால் அவருடைய பலூனை உயர்த்தி வையுங்கள். அல்லது கரட்டு ஓவியத்திலேயே ஆட்களை இடம் மாற்றி நிறுத்துங்கள், அதுவே சுலபம்.

வண்ணம்: திரையில் மின்னும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும். அச்சிடும் எண்ணம் இருந்தால் ஒரு பக்கத்தையாவது முன்கூட்டியே அச்செடுத்துப் பாருங்கள். கோடு, வண்ணம், பலூன், எழுத்து நான்கும் தனித்தனி லேயரில் (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) இருக்கட்டும். மூலக் கோப்பை ஒரே லேயராக இணைத்துச் சேமிக்காதீர்கள். பிழை திருத்தம் எப்படியும் வரும்.

வெளியிடும் முன் கதை தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டாம். அவர் எங்கே திரும்ப மேலே தள்ளிப் பார்க்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பலூனை நகர்த்தினாலோ ஒரு கட்டத்தைச் சேர்த்தாலோ சரியாகிவிடும்.