சொனோராவில் இரண்டு நாள்: கடல் வற்றும் நேரம் பார்த்துப் பயணம் வகுக்கும் முறை

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், அமெரிக்க எல்லையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கும் புவேர்ட்டோ பெஞ்ஞாஸ்கோ என்ற கடற்கரை ஊருக்கு அமெரிக்காவிலிருந்து காரில் முதன்முறை செல்வோர், விடுதியைப் பதிவு செய்துவிட்டுப் பிறகுதான் எதைப் பார்ப்பது என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

படி 1: நாள் குறித்தல்
கலிபோர்னியா வளைகுடா வடக்கே குறுகி முடிவதால், இங்கே கடல்மட்டம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே ஏழு மீட்டர் வரை வேறுபாடு உண்டாகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வெகுதூரம் உள்வாங்கும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அத்தகைய நாட்களைத் தேர்ந்து, இணையத்தில் கிடைக்கும் ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில் நீர் மிகவும் தாழும் வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் பாலைவனத்தில் நடப்பது ஆபத்து.

படி 2: ஆவணங்கள்
செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. ஆனால் அமெரிக்காவுக்குத் திரும்பி நுழையவும் அந்த விசா செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கார் காப்பீடு எல்லைக்கு அப்பால் பொதுவாகச் செல்லாது என்பதால், மெக்சிகோவில் செல்லும் காப்பீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். இந்த ஊர் வரை செல்ல வாகன இறக்குமதி அனுமதி வேண்டாம்.

படி 3: கரையில் இறங்குதல்
நீர் மிகத் தாழும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைக் கரைக்குச் சென்றுவிடுங்கள். குட்டைகளில் துறவி நண்டுகளும் நட்சத்திர மீன்களும் ஒதுங்கியிருக்கும். ஒரு கல்லைப் புரட்டினால், இருந்தபடியே மெதுவாகத் திரும்ப வைத்துவிடுங்கள். அதன் அடிப்பக்கம்தான் சிற்றுயிர்களின் வீடு. மணலில் திருக்கை பதுங்கியிருக்கக்கூடும். ஆகவே காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும்.

படி 4: எரிமலை வாய்
இரண்டாம் நாள் அதிகாலையில், எல்லையோர ஊரான சொனோய்ட்டா செல்லும் சாலையில் பாதி தூரத்தில் இருக்கும் எல் பினகாத்தே காப்பகத்துக்குச் செல்லுங்கள். இது 2013-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவிடத்தில் பெயரைப் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, மண்சாலையில் எல் எலெகாந்தே என்னும் பள்ளத்தை அடையலாம். தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டி நல்லது. மேலெழுந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு, நீராவியாக வெடித்ததில் உண்டானது இந்தப் பள்ளம்; குறுக்களவு சுமார் 1.6 கிலோமீட்டர், ஆழம் 240 மீட்டருக்கு மேல். அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலவுப் பயணத்துக்கு முன் இந்த எரிமலை நிலத்தில் பயிற்சி பெற்றனர். விளிம்பில் நின்றால், பறவைகள் நம் காலுக்குக் கீழே பறக்கும். இந்த ஒரு காட்சிக்காகவே பயணத்தை வகுக்கலாம் என்பது என் எண்ணம்.

பையில் ஒரு பல்சீப்பு வைத்திருங்கள். சோயா (cholla) என்னும் கள்ளியின் கணு லேசாக உரசினாலே செருப்பிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் விரலுக்கு மாறிவிடும் (எனக்கு மாறியது). சீப்பின் பற்களை முள்ளுக்கு அடியில் நுழைத்து, ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும்.

படி 5: திரும்புதல்
அமெரிக்கப் பக்கத்து லூக்வில் எல்லைச் சாவடி வழக்கமாகக் காலை 6 முதல் இரவு 8 மணி வரைதான் திறந்திருக்கும். புறப்படும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகலில் வாகன வரிசை நீளும் என்பதால், பள்ளத்தை நண்பகலுக்குள் பார்த்து முடித்து, தண்ணீர்ப் புட்டிகளை டிக்கியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.