பெலாஜிக் மீன் எது? பினாங்கில் தூண்டில் பழகுவோருக்கான செய்முறை விளக்கம்

பெரிதாக இருந்து, நூலை இழுத்துக்கொண்டு ஓடினால் அது பெலாஜிக் மீன்தான் என்று படகில் புதிதாக ஏறுவோர் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அளவுக்கும் இந்த வகைப்பாட்டுக்கும் தொடர்பில்லை. கடலடியைச் சாராமல் நடுநீரிலும் மேல்நீரிலும் திரியும் மீன்கள் அனைத்தும் பெலாஜிக் மீன்களே. சம்பலுக்குப் போகும் நெத்திலியும் அதில் அடங்கும். தூண்டில்காரர்களின் பேச்சில் மட்டும், அச்சிறுமீன்களைத் துரத்தி உண்ணும் தெங்கிரி (வஞ்சிரம்), சூரை, மயில்மீன் போன்றவற்றையே அது குறிக்கிறது.

முதல் படி: சந்தையில் பழகுங்கள்

கடலுக்குப் போகுமுன் ஒரு காலையில் சௌராஸ்தா சந்தைக்குச் சென்று, கெம்போங் (அயிலை) மீனையும் சியாக்காப் (கொடுவா) மீனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கெம்போங்கின் உடல் இரு முனையிலும் குறுகியிருக்கும். வால் ஆழமாகப் பிளந்திருக்கும். வாலுக்குச் சற்று முன்னால், மேலும் கீழும் சின்னஞ்சிறு துடுப்புகள் தனித்தனியே வரிசையாக நிற்பதை விரலால் தடவியே உணரலாம். தெங்கிரிக்கும் சூரைக்கும் இதே அமைப்பு உண்டு. சியாக்காப்பின் வாலோ அகன்று, வட்டமாக முடியும். நிற்காமல் நெடுந்தூரம் நீந்துவதற்குப் பிளந்த வாலும் மெல்லிய வாலடியும் ஏற்றவை. பதுங்கியிருந்து சட்டென்று பாய்வதற்கு அகன்ற வாலே உதவும்.

இரண்டாம் படி: நிறத்தைப் பாருங்கள்

முதுகு கருநீலமாகவோ பச்சையாகவோ, வயிறு வெள்ளியாகவோ இருந்தால், மேலிருந்து நோக்கும் பறவைக்கும் கீழிருந்து நோக்கும் பெரிய மீனுக்கும் அது எளிதில் புலப்படாது. பெலாஜிக் மீனின் நிறம் பெரும்பாலும் இதுவே. திட்டுத்திட்டான பழுப்பு நிறக் கெராப்பு (களவா), பாறையோடு பாறையாக மறைந்துகொள்ளும் அடிமட்ட மீன்.

மூன்றாம் படி: ஐயத்துக்குரியவற்றைத் தனியே வையுங்கள்

கடல் விராலின் தட்டைத் தலையைக் கண்டு அதைக் கெளுத்தி இனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மிதவைகளையும் மிதக்கும் மரங்களையும் சுற்றித் திரியும் அதுவும் பெலாஜிக் மீன்தான். பாறைமீன், கட்டா, சீலா ஆகிய மீன்கள் பெரும்பாலும் தீவோரங்களையும் பவளத்திட்டுகளையும் ஒட்டி வாழ்ந்தாலும், திறந்த நீரில் விரட்டிப் பிடிப்பவை. கண்டிப்பான அறிவியலர் அவற்றைப் பாதிதான் ஏற்பார். தூண்டில் முறை ஒன்றே என்பதால் நான் அவற்றைச் சேர்த்தே எண்ணுகிறேன்.

நான்காம் படி: தூண்டிலை அதற்கேற்ப அமையுங்கள்

பூலாவ் கெண்டித் தீவுப் பக்கம் போகும்போது அடியில் ஈயத்தை இறக்கிக் காத்திராமல், பறவைகள் நீரில் பாயும் இடத்தையும் சிறுமீன்கள் துள்ளும் இடத்தையும் தேடி, மெட்டல் ஜிக் எனப்படும் உலோகப் போலி இரையை வேகமாகச் சுருட்டி இழுங்கள். தெங்கிரியின் பல் நைலான் நூலை நொடியில் அறுத்துவிடும் என்பதால் நூலின் முனையில், இரைக்கு முன்னால், சிறிதளவு கம்பி லீடர் (இணைப்புக் கம்பி) வேண்டும். கெராப்பு கடித்ததும் பாறைக்குள் புக முயலும். பெலாஜிக் மீன் பெரும்பாலும் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடும். ஆகவே ரீலில் போதிய நூல் இருக்கட்டும். நூல் வெளியேறும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிராக்கை முழுவதுமாக இறுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உடனே ஐஸில் வையுங்கள்

சூரை, தெங்கிரி, கெம்போங் ஆகியவற்றை வெயிலில் போட்டுவைத்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். உண்டால் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரலாம். சமைத்தாலும் அது அழியாது. ஆகவே பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, ஐஸ் நிரம்பிய பெட்டிக்குள் முழுவதும் மூடும்படி புதைத்துவிடுங்கள்.